பரணில் ஏற்றுவதா... விற்றுவிடுவதா?

மாமனார் ஆசையாக வாங்கிய ரெக்கார்டு பிளேயர் ஹாலில் இருக்கிறது. பக்கத்திலேயே ஓர் அடுக்கு இசைத்தட்டுகள். வீட்டிலோ மூன்று வயதில் ஒன்று, தவழும் பருவத்தில் ஒன்று என இரண்டு வாண்டுகள்! 'விற்றுவிடலாமா, பரணில் ஏற்றிவிடலாமா?' என்று உங்கள் மனம் ஊசலாடுகிறதா? 'இது ஒரு பெரிய விஷயமா?' என்று நினைத்துவிடாதீர்கள் சகோதரி. பற்று எது, பொறுப்பு எது என்று பெரியவர்கள் காலம்காலமாகக் கேட்ட கேள்விதான், இப்போது உங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதலில், அந்தப் பெட்டி சாதாரணப் பெட்டி அல்ல. எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வெளிவந்தது 1963-ல். அதன் ராயல்டி, திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கு என்று அவர் அர்ப்பணித்தார். எத்தனையோ வீடுகளில் பொழுது விடிந்ததே அந்தக் குரலில்தான். ஆகவே, 'பழைய சாமான்தானே' என்று தூக்கி எறிய மனம் வராதது நியாயமே.

ஆனால், அதைவிட உயர்ந்த ஒன்று தரையில் தவழ்கிறதே! 'குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே' என்பார்கள். தொங்கும் வயரைக் குழந்தை பிடித்து இழுத்தால், கனமான பெட்டி அதன் தலையில் விழலாம். இசைத்தட்டைத் தொட்டுப் பாட வைக்கும் முள்ளோ, பிஞ்சு விரல் பட்டாலே வளைந்துவிடும். அப்புறம் என்ன நடக்கும்? 'தொடாதே!' என்று நாள் முழுக்க அதட்டுவோம். ஒருநாள் அடியும் விழும். பக்திப் பாடல் தந்த பெட்டிக்காகக் குழந்தையை அழவிடுவது எந்த வகையில் பக்தி? எனவே, கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்கக் கூடாது. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

அடுத்து, அது யாருடையது? மாமனாரோ, மாமியாரோ இன்றும் அதில் பாட்டுக் கேட்கிறார்கள் என்றால், முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது. அவர்களைக் கேட்காமல் விற்பது, வயதானவரின் காலைப்பொழுதையே விற்பதற்குச் சமம். அவர்கள் அறையில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், ஆடாத அலமாரி ஒன்றில் வைத்துக் கொடுங்கள். பிரச்னை அங்கேயே தீர்ந்தது.

கேட்பவர் இப்போது யாரும் இல்லை என்றால்?

இதற்கான பதில் உங்கள் பரணிலேயே இருக்கிறது. ஆம்... கொலுப் பெட்டி! வருடத்தில் பெரும்பகுதி பொம்மைகள் பழைய வேட்டியிலும் காகிதத்திலும் சுற்றப்பட்டு உறங்குகின்றன. அவற்றை யாராவது அடைசல் என்று சொல்கிறோமா? இல்லையே! காரணம், அவை வெளியே வரும் நாள் நமக்குத் தெரியும். நவராத்திரி வந்தால் பெட்டி திறக்கும். உடைந்த கை ஒட்டப்படும், வண்ணம் பூசப்படும். 'பார்க்கலாம், தொடக் கூடாது' என்று குழந்தை பக்குவமாகக் கற்றுக்கொள்வதும் அந்தப் படிகளின் முன்னால்தான்.

இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுக்கும் நாள் தெரிந்து உள்ளே வைப்பது பாதுகாப்பு. 'எப்போதாவது பார்க்கலாம்' என்று உள்ளே தள்ளுவது, கைவிட்டதற்கு நாம் சூட்டிக்கொள்ளும் நல்ல பெயர்!

வைத்துக்கொள்வது என்று முடிவானால், சரஸ்வதி பூஜையையே அந்த நாளாகக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று பெட்டியைத் துடைத்துப் பொட்டு வையுங்கள். மறுநாள் விஜயதசமியில் ஒரு தட்டாவது பாடட்டும். ஓடாமலே கிடந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் விறைத்துப்போகும் என்பதால், இயந்திரத்துக்கும் இது நல்லது. முள்ளுக்கு மூடி போட்டு, அதன் கையை அசையாமல் கட்டி வையுங்கள். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல், புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள்.

ஊரையும் பார்க்க வேண்டும். மலையடிவாரத்தில் இருக்கும் வத்தலக்குண்டில், சித்திரை வெயிலுக்கு மொட்டைமாடியை ஒட்டிய பரண் கொதிக்கும், தட்டுகள் நெளிந்துவிடும். அங்கிருந்து மலையேறிக் கொடைக்கானல் போனால், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அடிவாரத்து வீட்டுக்கு நிழலான உள்ளறை பீரோ நல்லது. மலை வீட்டுக்குக் காற்றோட்டமான, ஈரம் ஏறாத அலமாரி நல்லது.

வருடத்துக்கு ஒருநாள்கூட ஒதுக்க முடியாது என்று மனசாட்சி சொல்கிறதா? அப்படியானால் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். விற்பது பாவம் அல்ல. பாட வேண்டியதை ஊமையாக்கிப் பூட்டி வைப்பதுதான் தவறு. கூடுதல் விலை தருபவரைவிட, அதைப் பாட வைப்பவரைத் தேடுங்கள். கிடைக்கும் பணத்தில் உங்கள் பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கலாமே! எம்.எஸ். தன் முதல் இசைத்தட்டில் பாடியபோது பத்து வயதுச் சிறுமிதான். பெட்டி போனாலும் அந்த வீட்டில் பாட்டு நிற்காது.

வத்தலக்குண்டை ஒட்டிய அந்த மலைத்தொடரின் இன்னொரு பக்கம், பழநியில் நிற்கிறானே தண்டாயுதபாணி... அவனைப் பாருங்கள். விளாபூஜையில் சாதுவாகவும், சாயரட்சையில் ராஜாவாகவும் காட்சி தருபவன் ஒருவனே. அணிவதும் துறப்பதும் அவனுக்கு அந்தந்த வேளையின் கோலம். நம் வீட்டுப் பொருள்களுக்கும் அப்படித்தான். வைத்திருக்க ஒரு வேளை, கொடுத்துவிட ஒரு வேளை.

இன்று மாலை விளக்கேற்றியதும், காலண்டரைக் கையில் எடுங்கள். அந்தப் பெட்டிக்காக ஒரு தேதியை வட்டமிட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், அது உங்களுடையது. முடியாவிட்டால், அது வேறொரு வீட்டில் பாடக் காத்திருக்கிறது!