மேகத்துக்குள் போனவன்

எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவனுக்கு மலை என்பது ரயிலேறிப் போய்ப் பார்க்கிற வஸ்து. ஊரில் கோபுரத்தைவிட உயரமாக எதுவும் கிடையாது. மார்கழிப் பனியில் வரப்பில் நடக்கிறவனுக்குப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? கால் பிசகினால் சேற்றில் விழுவான். வேட்டியைப் பிழிந்துகொண்டு மேலே நடப்பான். சமவெளி பொறுமையான பூமி.

மலைக்கு அந்தப் பொறுமை கிடையாது. 2021 டிசம்பர் 8ஆம் தேதி, சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூருக்குப் பக்கத்தில், நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் உள்பட அதில் இருந்தவர்கள் 14 பேர். 13 பேர் அன்றே போனார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடிவிட்டுப் போனார்.

2022 ஜனவரியில் விசாரணைக் குழு தன் முடிவைச் சொல்லிற்று. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, கவனக்குறைவும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது. விமானிக்கு நிலையுணர்வு தடுமாறித் தரையில் மோதிவிட்டது. 2024 டிசம்பரில் பாராளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை வந்தது. அதன் அட்டவணையில் இதே விபத்துக்கு நேரே போட்டிருந்த காரணம்: மனிதத் தவறு.

கவனக்குறைவு இல்லை, ஆனால் தவறு! ஒரே மனிதனைப் பற்றி இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா? முடியும் என்றே எனக்குப் படுகிறது. சங்கடம் என்னவென்றால், ‘தவறு’ என்ற சொல் காதில் விழுந்ததுமே நாம் குற்றவாளியைத் தேடக் கிளம்பிவிடுகிறோம். செத்தவன் வாதாட வரமாட்டான் என்பதும் நமக்கு ஒரு சௌகரியம்.

மேகத்துக்குள் என்னதான் நடக்கிறது? நாம் நிமிர்ந்திருக்கிறோமா, சாய்ந்திருக்கிறோமா என்பதைக் காதுக்குள் இருக்கும் சிறு குழாய்களின் திரவம் சொல்கிறது. மெல்லச் சாய்ந்து, சாய்ந்தபடியே வட்டமிட்டால் அந்தத் திரவம் அடங்கிவிடும். அப்புறம், சாய்ந்திருப்பவன் நேராக இருப்பதாகச் சத்தியம் செய்வான். அடிவானம் தெரிந்தால் கண் திருத்திவிடும். மேகத்தில் ஏது அடிவானம்?

1954இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகாத 20 பேரை, வெளியே பார்வை படாதபடி மறைத்து, சிறு விமானத்தில் பறக்கவிட்டார்கள். சராசரியாக 178 வினாடிகளில் விமானம் கட்டு மீறியது. நிதானமாக வெற்றிலை போட்டுக்கொள்கிற நேரம்தான்! பயிற்சி பெற்ற ராணுவ விமானிகளை அவர்களோடு வைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் காது எல்லோருக்கும் ஒன்றுதானே? உடம்பு அடித்துச் சொல்வதைப் பொய்யென்று தள்ளி, முள்ளின் அசைவை நம்ப வேண்டும். அதுவும் பாறைகளுக்கு நடுவில்.

அந்தச் சோதனையின் நோக்கம் வேடிக்கையானது. மேகத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு, வந்த வழியே திரும்பக் கற்றுக்கொடுப்பதற்காக அதை நடத்தினார்கள். திரும்புவதற்கு ஒரு பாடம்! நமக்கும் அது தேவைதான். முன்வைத்த காலைப் பின்வைக்காதவனையே புகழ்ந்து பழகியவர்கள் நாம். மூடுபனிக்குப் பயந்து காரை நிறுத்தி, முகூர்த்தத்தைத் தவறவிட்ட டிரைவருக்கு எந்தக் கல்யாண வீட்டில் இலை போட்டிருக்கிறார்கள்?

குன்னூரில் யாரும் யாரையும் அவசரப்படுத்தியதாக நான் சொல்ல வரவில்லை. பொதுவாகத்தான் கேட்கிறேன். திரும்பி வந்தவனைக் கோழை என்கிற ஊர், திரும்பாமல் போய் மோதினவனுக்குத் தீர்ப்பெழுத எந்த யோக்கியதையில் உட்காருகிறது?

மேகத்தை வையவும் எனக்கு வாய் வரவில்லை. காற்று மலையேறிக் குளிர்வதால்தான் குடகில் மழை. அந்த மழையில்தான் மேட்டூர் நிரம்பி எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் வருகிறது. நீலகிரியில் பெய்வதும் பவானி வழியாகக் காவேரியைத்தான் சேர்கிறது.

நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள் அன்று வீட்டிலிருந்த போர்வைகளையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு நெருப்பை நோக்கி ஓடினார்கள்.