தையற்பெட்டியும் பொருள் வரைதலும்

இல்லறத்தார்க்கு ஓதப்பட்ட அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியில் நிற்பது பொருள் வரைதல். நிலம் இவ்வளவு, பொன் இவ்வளவு, பாத்திரம் இவ்வளவு என்று ஓர் அளவு செய்துகொண்டு அதற்கு மேல் விழையாதிருத்தலே அந்நோன்பு. நம் குடும்பங்களில் இதனை ஏற்ற பெண்டிர் பலர் உளர். புடவைகளை எண்ணுகிறோம், நகைகளை எண்ணுகிறோம். தையல் இயந்திரத்தின் அருகே நிற்கும் அலமாரியை எண்ணியவர் எத்தனை பேர்? யாம் எண்ணவில்லை. அதனால் எழுந்த ஓர் ஐயத்தையே ஈண்டு சகோதரிகள் முன் வைக்கிறோம்.

தைக்கத் தெரிந்தவள் வீட்டில் எதுவும் குப்பைக்குப் போவதில்லை. கிழிந்த சட்டையின் பொத்தான் ஒரு புட்டிக்குள் போகும். பழைய பாவாடையின் நாடா சுருட்டி வைக்கப்படும். வெட்டிய ஓரத் துண்டு, பாதி தீர்ந்த நூற்கண்டு, கொக்கிகள், புடவைக்கு வைத்துத் தைக்கும் ஃபால்ஸ் துணி, லைனிங் துணி என யாவும் 'ஒருநாள் உதவும்' என்னும் ஒரே சொல்லால் காக்கப்படும். யாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் தையலும் எமக்கு ஒரு பாடம். ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காஜா ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளில் தைத்து, ஏட்டில் ஒட்டி, அடியில் பெயர் எழுதுவோம். அப்பழக்கம் எம்மை விடவில்லை. பிஸ்கட் வந்த தகர டப்பாக்கள், ஹார்லிக்ஸ் புட்டிகள், மூடியுள்ள பெட்டிகள் அனைத்திலும் சீட்டு ஒட்டி, உள்ளிருப்பதை அழகிய எழுத்தில் எழுதி வைத்திருந்தோம். வந்தவர் வியந்தனர். யாமும் உள்ளூர மகிழ்ந்தோம்.

ஒழுங்கு இழிவான பொருள் அன்று. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயத்தில், கொல்லாமை நோன்பை உறுதிப்படுத்தும் பாவனைகள் ஐந்தினைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று, ஒரு பொருளை நோக்கி எடுத்தலும் நோக்கி வைத்தலும். எடுப்பதும் வைப்பதும் அறத்தின் பகுதி என்பதற்குத் தையலறையைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. பாயில் விழுந்த ஓர் ஊசி தவழும் குழந்தையின் முழங்காலுக்குக் காத்திருக்கிறது. ஆகவே ஊசிகளை எண்ணி எடுத்து எண்ணி வைத்தல் வேண்டும். குண்டூசிகளைச் சிறு காந்தத்தில் ஒட்டவிடுதல் நன்று. முறிந்த ஊசியைக் குப்பையில் எறிதல் ஆகாது. அது குப்பை அள்ளுவோர் கையிலோ மேயும் பசுவின் வாயிலோ தைக்கும். மூடியுள்ள ஒரு சிறு புட்டியில் அவற்றைச் சேர்த்து வரலாம். எம்மிடம் உள்ள புட்டி இன்னும் பாதிகூட நிரம்பவில்லை.

இவ்வளவும் அறிந்த யாம் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

2024ஆம் ஆண்டுத் தசலட்சண பர்வத்தில், உத்தம ஆகிஞ்சன்யத்துக்குரிய ஒன்பதாம் நாள், அலமாரியின் அடித்தட்டிலிருந்த பெட்டியை வெளியே இழுத்தோம். 'ரவிக்கைத் துண்டுகள் – புதியன' என்று அதன்மேல் எழுதியிருந்தது. நம் வீடுகளில் மங்கல நாள்தோறும் தாம்பூலத்துடன் ஒரு ரவிக்கைத் துண்டு வருகிறது. அதனை நாம் தைப்பதில்லை. அடுத்த வீட்டு மங்கல நாளுக்கென எடுத்து வைக்கிறோம். சில துண்டுகள் ஊசி முனையே காணாமல் ஊரைச் சுற்றி வந்து மீண்டும் நம்மிடமே சேர்வதும் உண்டு. பெட்டியில் 47 துண்டுகள் இருந்தன. நான்கு மூலைகளிலும் அந்துருண்டைகள் கரைந்து சிறுத்துக் கிடந்தன. மடிப்புகளை விரித்தபோது இராமபாணப் பூச்சிகள் உலர்ந்து உதிர்ந்தன. எத்தனை என எண்ணவில்லை. எண்ண மனம் வரவில்லை.

நடந்தது என்னவென்று பின்னர்ச் சிந்தித்தோம். புதுத்துணியில் கஞ்சிப்பசை உண்டு. இராமபாணப் பூச்சிக்கு மாப்பொருள் உணவு. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் இருட்டும் அதற்கு உகந்த உறைவிடம். அந்துருண்டையிலுள்ள நாப்தலீன் மெல்ல மெல்ல ஆவியாகி, மூடிய பெட்டிக்குள் நிறைந்து, பூச்சிகளை மாய்க்கிறது. அவ்வாவி கைக்குழந்தைகளுக்கும் தீங்கானது. ஆக, உணவையும் யாமே இட்டு, நஞ்சையும் யாமே இட்டு, மேலே அழகாகச் சீட்டும் ஒட்டியிருக்கிறோம். பொழுது சாயுமுன் உண்டு, நீரை வடிகட்டிப் பருகும் வீட்டில் இது நடந்தது. அந்த 47 துண்டுகளில் ஒன்றுகூட எம் உடலை மூட வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவு மனம் எமக்கே வழக்குரைத்தது. அதே அத்தியாயத்தில் உமாஸ்வாமி, பரிக்கிரகம் என்பது பொருளின்கண் கொள்ளும் மயக்கமே என்கிறார். 'இத்துண்டுகள் மேல் உனக்கு மயக்கம் ஏது? அவை கிடக்கின்றன, அவ்வளவே' என்றது மனம். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் மயக்கமே பரிக்கிரகம் எனில், இல்லறத்தாரை எண்ணிக்கையால் வரையறை செய்துகொள்ளச் சொன்னது ஏன்? யாம் கண்ட விடை இது. மயக்கம் உண்டா என்று மனத்தைக் கேட்டால், இல்லை என்றே அது சொல்லும். 47 என்னும் எண்ணுக்கு அவ்வாறு மழுப்பத் தெரியாது. இந்நோன்பின் மீறல்களை எண்ணுமிடத்தில் 'குப்யம்' என்றொரு சொல் வருகிறது. பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் அதற்குப் பருத்தி, பட்டு முதலிய துணிகளையும் சேர்த்தே பொருள் உரைக்கிறார். சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் 'அதிசங்கிரகம்', அதாவது அளவிறந்து சேர்த்தல், என்பதனை ஒரு மீறலாகவே வைத்தார். துணிப்பெட்டி கணக்கில் சேராது என்பது யாமாகச் செய்துகொண்ட சலுகை.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு முழத் துணிக்குப் பின்னே உழுத நிலமும் சாயம் கலந்த நீரும் உள்ளன; அவற்றில் உயிர்கள் இறந்துள்ளன. அத்துணியை எறிவது அவ்விழப்பை வீணாக்குவதன்றோ? ஆம். ஒட்டுத்துண்டுகளைச் சேர்த்துப் பையும் கால்மிதியும் போர்வையும் தைப்பவள், புதிதாக ஒன்றை வாங்காமல் காக்கிறாள். அவள் சேர்த்தலை யாம் குறை கூறோம். ஆனால் அவள் துண்டுகள் நகர்கின்றன. எம்முடையவை நகரவில்லை. ஒழுங்காக அடுக்கியதுதான் அதற்குக் காரணம் என்று இப்போது எண்ணுகிறோம். அலங்கோலமாகக் கிடந்திருந்தால் கண்ணை உறுத்தியிருக்கும், என்றோ கைவைத்திருப்போம். பெட்டிகள் மிகுதியை மறைத்தன. இடம் போதாதபோது இன்னொரு பெட்டி வாங்கினோம், அவ்வளவே.

பிறகு செய்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம். துண்டுகளை நிழலில் மெல்ல உதறி, உயிருள்ளவை அகலக் காத்திருந்து, பின்பே வெயிலில் இட்டோம். வைத்துக்கொள்பவற்றை அலசிக் கஞ்சியை நீக்கி, நன்றாக உலர்த்தினோம். அந்துருண்டையை விலக்கி, உலர்ந்த வேப்பிலையைத் துணிமுடிச்சில் வைத்தோம். சதுர்தசிதோறும் பெட்டியைத் திறந்து மடிப்பை மாற்றுகிறோம். நூலுக்குத் தேன்மெழுகு தடவுவதையும் விட்டோம்; தேனை விலக்கியவர் மெழுகை மட்டும் எவ்வாறு கொள்வது? சிப்பியிலும் கொம்பிலும் செய்த பழைய பொத்தான்களும் புட்டியில் இருந்தன. பட்டுத் துண்டுகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

எம் தெருவில் தைத்துப் பிழைக்கும் பெண்ணொருத்திக்கு முதலில் 20 துண்டுகளைக் கொடுத்தோம். கொடுத்த பின்பே உறைத்தது, அவையெல்லாம் நிறம் மங்கியவையும் வியர்வை உறிஞ்சாதவையும். நல்ல பருத்தி யாவும் எம்மிடமே தங்கியிருந்தன. அதனைத் தியாகம் என்று எழுத எம் கை கூசுகிறது. மறுவாரம் 17 கொடுத்தோம், பருத்தியாகவே.

எஞ்சியவை 10. அதுவே வரையறை என்று நோட்டில் எழுதினோம். அவற்றுள் ஒன்று, மறைந்த எம் தமக்கையார் 2004ஆம் ஆண்டில் தேர்ந்து வாங்கித் தந்த நீலப் பருத்தித் துண்டு. துணித்தல் என்றால் வெட்டுதல்; அதனின்றே துணி என்னும் பெயர் வந்தது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறோம். இதன்மேல் மட்டும் கத்தரிக்கோலை வைக்க எம்மால் ஆகவில்லை. மடிப்போரம் நைந்து, ஒளி பட்டால் மறுபுறம் தெரிகிறது. தமக்கையார் இருந்தால் முதல் ஆளாகக் கடிந்திருப்பார்.

கடந்த தை மாதத்தில் இரு திருமணங்களுக்குச் சென்று வந்தோம்; இரண்டு ரவிக்கைத் துண்டுகள் வந்தன. இப்போது பெட்டியில் இருப்பவை 12. இரண்டு வெளியேற வேண்டும். எந்த இரண்டு என்பது இன்னும் முடிவாகவில்லை. நீலத்துண்டை மூன்று முறை வெளியே எடுத்து, மூன்று முறையும் உள்ளே வைத்திருக்கிறோம்.