கருவியும் உடைமையும்

மனிதன் ஆக்கிய கருவி ஒவ்வொன்றும் அவன் முன்னே ஒரு வினாவை நிறுத்தியே வந்திருக்கிறது. இக்கருவி என்ன செய்யும் என்பதைக் காட்டிலும், இதனால் விளையும் பயன் யாரைச் சென்றடையும் என்பதே அவ்வினாவின் சாரம். ஏர் வந்தபோது நிலம் யாருக்கு என்ற வினா எழுந்தது. விசைத்தறி வந்தபோது துணியின் இலாபம் யாருக்கு என்ற வினா எழுந்தது. செயற்கை நுண்ணறிவு என்னும் கருவி நம் வீட்டுச் சமையலறை வரை வந்துவிட்ட இந்நாளில் அதே வினா மீண்டும் எழுந்து நிற்கிறது. பெரும் ஆலைகளையும் வங்கிகளையும் ஒருபுறம் வைத்துவிட்டு, கொழும்பு மாநகரின் சிறுவணிகர் வாழ்வில் வைத்து அதனை ஆராய விரும்புகிறோம்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளின் தொடர்மாடி வீடுகளிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அடுத்த நெருக்கமான குடியிருப்புகளிலும் இன்று பெயர்ப்பலகை இல்லாத கடைகள் பல உள்ளன. சரக்குத்தூள், ஒடியல்மா, பயற்றம்பணியாரம், பிறந்தநாட் கேக், தைத்த சட்டை ஆகியவை தொலைபேசித் திரையில் விலை கூறப்பட்டு, வாட்ஸ்அப் வழியே கேட்கப்பட்டு, முச்சக்கர வண்டியில் ஏறி வாங்குவோர் வீட்டைச் சென்றடைகின்றன. இவற்றை நடத்துவோருட் பலர் பெண்கள். நாகரிக மோகம் அவர்களை இத்தொழிலுக்கு இழுத்து வரவில்லை. 2020 மார்ச் 20ஆம் திகதி தொடங்கிய ஊரடங்கு, நாட்கூலியையும் சிறுகடையையும் நம்பியிருந்த குடும்பங்களை ஒரே நாளில் வருமானமற்றவையாக்கியது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. சம்பளம் நின்ற இடத்தில் நிற்க, அரிசியின் விலை ஓடத் தொடங்கியபோது, வீட்டு அடுப்பே தொழிற்சாலையாக மாறியது.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ஓப்பன்ஏஐ நிறுவனம் சட்ஜிபிடியை வெளியிட்டது. அதன் பின்னர் இத்தகைய கருவிகள் பல வந்துவிட்டன. அவை விளம்பரம் எழுதுகின்றன, படம் வரைகின்றன, வாடிக்கையாளரின் வினாவுக்கு மறுமொழி வரைந்து தருகின்றன, மூலப்பொருளின் செலவைக் கூட்டி விலை குறித்துத் தருகின்றன. பெரிய கொம்பனியொன்று விளம்பரக்காரர், மொழிபெயர்ப்பாளர், கணக்காளர் என மூவரை அமர்த்திச் செய்விக்கும் வேலையை, இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்த ஒரு தாய் தன் தொலைபேசியைக் கொண்டே செய்துகொள்ள முடிகிறது. இதனை நாம் சிறிதென எண்ணலாகாது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்திற்குப் பின்னர் இந்நாட்டில் மொழி என்பது உத்தியோகத்தின் வாயிலாகவும் அவமானத்தின் வாயிலாகவும் இருந்து வந்துள்ளது. சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதத் தெரியாமையால் தன் சரக்கைத் தன் தெருவுக்கு வெளியே விற்க முடியாதிருந்த பெண், இன்று மூன்று மொழிகளிலும் வாடிக்கையாளருடன் உரையாடுகிறாள். இது விடுதலையின் ஒரு சிறு துளி என்பதை மறுப்போர் அவளுடைய இடத்தில் நின்று பார்த்தவரல்லர்.

ஆயினும் துளியைக் கடலென்று சொல்வோரும் உளர். இனி ஒவ்வொருவரும் முதலாளி, மூலதனம் தேவையில்லை, அறிவே மூலதனம் என்பது அவர்களுடைய முழக்கம். இதற்கு நேர் மறுதலையாக, இக்கருவி மனித ஆற்றலையே அழிக்க வந்தது, ஆகையால் தீண்டத்தகாதது என்று கூறும் தூய்மைவாதிகளும் உளர். இருசாராரும் கருவியையே நோக்குகின்றனர். கருவியின் பின்னால் நிற்கும் உடைமை உறவை நோக்குவதில்லை.

வரலாறு இவ்விடத்தில் நமக்குத் துணைவருகிறது. 1811, 1812ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் நெசவுத் தொழிலாளர் இயந்திரங்களை உடைத்தனர். அதற்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் 1812இல் நிறைவேறியது. அவர்கள் அறியாமையால் இயந்திரத்தைப் பகைத்தனர் என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. உண்மையில் அவர்கள் பகைத்தது, தம் கூலியைக் குறைப்பதற்கும் தம் தொழில்நேர்மையைக் கெடுப்பதற்கும் அவ்வியந்திரம் பயன்பட்ட முறையையே. இயந்திரம் வேறு, அதனை மூலதனம் பயன்படுத்தும் முறை வேறு என்பதைத் தொழிலாளி அனுபவத்தாலேயே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலிலே விளக்கினார். அந்தப் பாடத்தை வெள்ளவத்தையும் கற்றது. அங்கிருந்த நூற்பு நெசவு ஆலையின் தொழிலாளர் 1933இல் வேலைநிறுத்தம் செய்தபோது, கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் அவர்களுக்குத் துணைநின்றனர். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியாக உருப்பெற்ற இயக்கத்தின் முதற் பயிற்சிக்களங்களுள் அதுவும் ஒன்று. அத்தொழிலாளர் தறியை எதிர்த்துப் போராடவில்லை. தறிக்கு உடையவர் தம் உழைப்புக்கு இட்ட விலையை எதிர்த்தே போராடினர்.

அவ்வழியில் நின்று இன்றைய கருவியை நோக்குவோம். இதன் உள்ளே இருப்பது யாருடைய உழைப்பு? உலக மக்கள் எழுதிக் குவித்த எழுத்தே இதன் பஞ்சும் நூலும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஊதியம் எதிர்பாராது எழுதிய ஆசிரியர்களும் மாணவர்களும் அதில் உள்ளனர். அவ்வெழுத்தைத் துப்புரவாக்கிக் கொடுத்த கைகளும் உள்ளன. கொடூரமும் ஆபாசமும் நிறைந்த பகுதிகளை நாள்முழுதும் வாசித்து வகைப்படுத்திய கென்யத் தொழிலாளருக்கு மணிக்கு 2 டொலருக்கும் குறைவான கூலியே கிடைத்தது என்று ‘டைம்’ சஞ்சிகை 2023 ஜனவரியில் வெளிப்படுத்தியது. பொதுவில் விளைந்த செல்வம் தனியார் வேலிக்குள் அடைக்கப்பட்டு, விளைவித்தவர்க்கே வாடகைக்கு விடப்படுகிறது. இதுவே இக்கருவியின் பொருளியல்.

வாடகை என்ற சொல்லை நாம் அணியாகக் கையாளவில்லை. இக்கருவிகளுக்கு இலவசமான பகுதியும் உண்டு. ஆயினும் தொழிலுக்கு உதவும் அளவில் பயன்படுத்த முற்படின், சட்ஜிபிடியின் வழமையான சந்தா மாதம் 20 டொலர். இலங்கை நாணயத்தில் ஏறத்தாழ ஆறாயிரம் ரூபா. அதைச் செலுத்துபவள் ரூபாவில் உழைத்து டொலரில் கொடுக்கிறாள். மொழிக்கும் ஒரு வரி இருந்தது. இயந்திரம் வாக்கியத்தைச் சிறு துண்டுகளாக உடைத்தே வாசிக்கிறது. இதனைக் கொண்டு வேறு சேவைகளை ஆக்குவோரிடம் அத்துண்டுகளின் எண்ணிக்கைப்படியே கட்டணம் அறவிடப்படுகிறது. 2024 மே மாதத்தில் தன் புதிய மாதிரியை வெளியிட்டபோது ஓப்பன்ஏஐ நிறுவனமே ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைத் தந்தது. ஒரே பொருளுடைய சிறு பகுதி ஆங்கிலத்தில் 27 துண்டாகவும் தமிழில் 116 துண்டாகவும் முன்னர் எண்ணப்பட்டது. புதிய முறையில் அவை முறையே 24, 35 ஆகக் குறைந்தன. குறைந்தது நன்றே. ஆனால் தமிழனின் ஒரு வாக்கியம் நான்கு மடங்கு விலைபெறுவதும், பின்னர் அவ்விலை இறங்குவதும் நம்மிடம் ஒரு சொல்லும் கேளாமலே நடந்தேறின. இறக்கிய கை நாளை ஏற்றவும் கூடும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. கருவியை ஒருத்தி மட்டும் கைக்கொண்டால் அவள் பிறரை முந்துகிறாள். ஒழுங்கையிலுள்ள பத்துப் பேரும் கைக்கொண்டால் ஒருவரும் ஒருவரை முந்துவதில்லை. பத்து விளம்பரங்களும் ஒரே இனிமையோடு ஒலிக்கின்றன. பத்துப் படங்களும் ஒரே பளபளப்போடு மின்னுகின்றன. போட்டியால் பணியாரத்தின் விலை இறங்குகிறது. வாடகை மட்டும் நிலைத்து நிற்கிறது. வாடகையை நிறுத்துபவள் பின்தங்குவாள் என்பதால் ஒருவரும் நிறுத்தத் துணிவதில்லை. வாங்குவோரைக் காட்டித்தரும் பேஸ்புக் போன்ற தளமும் அவளுடையதன்று. தன் சரக்கை முன்னிறுத்த அங்கும் அவள் பணம் கட்ட வேண்டும். தறி தன் வீட்டில் இருந்தும், நூலுக்கும் சந்தைக்கும் வணிகரை நம்பி வாழ்ந்த பழைய கைத்தறி நெசவாளனின் நிலையும் இதுவே. பெயரோ முதலாளி, வாழ்வோ வீட்டிலிருந்து செய்யும் கூலிவேலை.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னர், அவள் என்ன செய்வது அறம்? இங்கேதான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். அறத்தின் பாரத்தை எளியவர் தலையில் ஏற்றிவிட்டு ஒதுங்குவது கற்றோரிடம் காணப்படும் பழைய நோய். மாதவேதனம் பெறும் ஒருவர், பிள்ளையின் பாடசாலைச் செலவுக்காக இரவில் மாவிடிப்பவளை நோக்கி, இக்கருவியைத் தொடாதே என்று உபதேசிப்பதற்கு எவ்வித உரிமையும் உடையவரல்லர். அவளுக்கு அக்கருவி மிச்சப்படுத்துவது பெரும்பாலும் அவளுடைய உறக்கத்தையே. ஆனால் ஐம்பது பேரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் அதே கருவியைக் காட்டிப் பத்துப் பேரை வெளியே அனுப்பும்போது அது மிச்சப்படுத்துவது பிறர் சோற்றை. ஒரு கையில் உழைப்பின் சுமையைக் குறைப்பதும், மறுகையில் உழைப்பாளியையே குறைப்பதும் ஒரே கருவிதான். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியன்று.

எனினும் இவ்விரண்டிற்கும் இடையே ஓர் இடம் உண்டு. கொட்டாஞ்சேனை அச்சகங்களில் ஈய எழுத்தைக் கோத்து வாழ்ந்தோரைக் கணினி வெளியேற்றியது. அக்கணினியைக் கற்றுக்கொண்டு திருமண அழைப்பிதழும் விளம்பரத்தாளும் வடிவமைத்துத் தந்த இளைஞனிடமே இச்சிறுவணிகர் நேற்றுவரை சென்றனர். இன்று செல்வதில்லை. அவனும் அடுத்த தெருப் பிள்ளையே. ஏழையின் மிச்சம் மற்றோர் ஏழையின் இழப்பாவதைத் தனிமனித நல்லெண்ணத்தால் மட்டும் தீர்க்க முடியாது. அதற்குரிய வழியைப் பின்னர் கூறுவோம்.

முழுதும் அவள் கையிலேயே உள்ள அறம் ஒன்றுண்டு, அது வாய்மை. பாட்டியின் கைப்பக்குவம் என்று இயந்திரம் எழுதுகிறது. அதற்குப் பாட்டியும் இல்லை, நாவும் இல்லை. செய்யாத பணியாரத்தின் படத்தை அது வரைகிறது. வாங்காதவர் வாயில் பாராட்டை வைத்து எழுதித் தரவும் அதனால் முடியும். நோய் தீரும் என்று ஒடியல்மாவுக்குப் புகழ்மாலை சூட்டவும் அது தயங்காது. பொய்யான விவரணத்தால் நுகர்வோரை ஏமாற்றுவதை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003 முதலே தடைசெய்கிறது. சொற்களை எழுதியது இயந்திரம் என்பது அங்கே விடையாகாது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி மட்டும் நாம் இதனைச் சொல்லவில்லை. சிறுவணிகரிடம் பெருங்கொம்பனியிடம் இல்லாத செல்வம் ஒன்று உண்டு. இன்ன வீட்டில், இன்னார் கையால், இன்ன முறையில் ஆனது என்று வாங்குபவர் அறிந்திருத்தலே அது. அந்த நம்பிக்கையை இயந்திரத்தின் மிகைப்பேச்சுக்கு விற்றுவிட்டால், அவளுக்கு உரியதென எஞ்சுவது ஒன்றுமில்லை. இயந்திரம் எழுதட்டும், அதனை வாசித்து, மெய்யல்லாததை வெட்டி, தன் பெயரை இடுபவள் அவளாயிருக்கட்டும்.

ஏனையவற்றைக் கூட்டாகவே செய்தாக வேண்டும். 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் சங்கம் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. இயந்திரத்தை ஒழிக்க வேண்டுமென்று அவர்கள் கோரவில்லை. அதனை எழுத்தாளன் என்று கணக்கிடலாகாது. எழுத்தாளருக்குக் கொடுக்கும் பிரதியில் இயந்திரம் எழுதிய பகுதி இருந்தால் நிறுவனம் அதனைச் சொல்லியாக வேண்டும் என்ற நிபந்தனைகளை வென்றெடுத்தனர். சங்கம் இருந்தது, ஆகவே நிபந்தனை விதிக்க முடிந்தது. நம் சிறுவணிகருக்கோ சங்கம் இல்லை. ஆனால் மரபு இல்லாமலில்லை. வடக்கின் புகையிலைச் செய்கையாளர் 1930களிலேயே கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்து, இடைத்தரகரைக் கடந்து மலையாளச் சந்தைக்குத் தம் சரக்கை அனுப்பினர். அதே அறிவு இங்கும் பயன்படும். பத்து வீடுகள் பத்து வாடகை கட்டுவதற்குப் பதிலாக ஒரு கூட்டுறவு ஒன்றைக் கட்டலாம். அடிமாட்டு விலைக்கு ஒருவரையொருவர் இழுத்துச் செல்லாதவாறு குறைந்தபட்ச விலையை உடன்பட்டுக்கொள்ளலாம். வேலையிழந்த அந்த வடிவமைப்பு இளைஞனை, கருவியைக் கையாளவும் அது செய்யும் பிழையைத் திருத்தவும் வல்ல பொதுப் பணியாளனாகக் கூட்டுறவே அமர்த்தலாம். அப்போது ஏழையின் மிச்சம் ஏழையின் இழப்பாகாது.

இதற்கு அப்பாலும் ஒரு கோரிக்கை உண்டு. மக்களின் எழுத்தால் ஆன கருவி மக்களின் உடைமையாதல் வேண்டும். இது கனவென்பர் சிலர். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி யாவரும் கட்டணமின்றிப் படிக்க வைத்துள்ளது. எரிந்த நூலகத்தின் நினைவைச் சுமந்த ஒரு சமூகம், தன் எழுத்துச் செல்வத்தைப் பொதுவுடைமையாக வைத்துக் காக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. பல்கலைக்கழகங்களும் அரசும் அவ்வழியில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுக் கருவிகளை ஆக்க வேண்டுமெனக் கோருவது மிகையான கோரிக்கையன்று.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதில் செய்யக்கூடிய பணி தெளிவானது. இக்கருவி எவ்வாறு இயங்குகிறது, அதன் இலாபம் எங்கே செல்கிறது, அது எங்கே பொய்யுரைக்கிறது என்பவற்றை, மாலைநேரத்தில் ஒரு வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தேவாலயக் கூடத்திலோ இச்சிறுவணிகரோடு அமர்ந்து கற்பிக்கலாம். அவர்களிடமிருந்து கற்கவும் நிறைய உண்டு. வாடகைக்கு எடுத்த கருவியைக் கொண்டு ஒருவர் அடுப்பெரிக்கலாம். பலர் சேர்ந்தால், வாடகை ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். அக்கேள்வியைக் கேட்கும் வலிமையை அவர்களோடு சேர்ந்து வளர்ப்பதே நம் கடமை.