பாதிக்குப் பாதி



எண்ணிக்கை நூலிலிருந்து இன்று வாசிக்கக் கேட்டோம். மோசேக்கு வயதாகிவிட்டது. தனக்குப்பின் மக்களை நடத்த ஓர் ஆள் வேண்டும் என்கிறார். ஆண்டவர் யோசுவாவைக் காட்டி, அவன்மேல் கையை வை என்கிறார். அதோடு விடவில்லை. உன் அதிகாரத்தில் அவனுக்குப் பங்கு கொடு, அதையும் சபை பார்க்கக் கொடு என்கிறார். ஆசி கொடுப்பது நமக்கு எளிது. பங்கு கொடுக்கத்தான் மனம் வராது.

அந்த மனம் வந்தவர் தொன் போஸ்கோ. இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்தவர். 1841இல் குருவானதும் இத்தாலியின் துரின் நகரச் சிறைகளுக்குப் போய்ப் பார்த்தார். விடுதலையான பையன்கள், கேட்பார் யாருமில்லாமல், திரும்பத் திரும்ப அங்கேயே வந்து விழுந்தார்கள். அதனால் ஞாயிறுதோறும் பையன்களைக் கூட்டி விளையாட வைத்தார், மறைக்கல்வி சொன்னார். வாரநாளில் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போனார். தச்சுவேலை பழகப் போன ஒருவனுக்காக 1852இல் எழுதிய ஒப்பந்தத்தில், அவனை அடிக்கக் கூடாது, ஞாயிறு ஓய்வு தரவேண்டும் என்றெல்லாம் சேர்த்து, தாமும் கையெழுத்துப் போட்டார்.

மிக்கேல் ரூவா என்ற சிறுவனும் அவரிடம் வந்தான். அவனும் தகப்பனில்லாப் பிள்ளை. எல்லாருக்கும் பதக்கம் கொடுத்துத் தீர்ந்தபின் வந்து கை நீட்டினான். தொன் போஸ்கோ தம் இடக்கையை நீட்டி, வலக்கையால் அதைப் பாதியாக வெட்டிக் கொடுப்பதுபோல் காட்டினார். பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இனி நாம் இருவரும் எல்லாவற்றிலும் பாதிக்குப் பாதி என்று பிறகு விளக்கினார்.

வெறும் பேச்சில்லை அது. 1854இல் துரினில் காலரா வந்தது. நோயாளியைத் தொடவே ஊர் பயந்தபோது, அவருடைய பையன்கள் வீடு வீடாகப் போய்ப் பணிவிடை செய்தார்கள். கொடுக்கத் துணி தீர்ந்ததும், தொன் போஸ்கோவின் தாய் மார்கரீத்தா பீடத்துணியையே எடுத்துக் கொடுத்தார். ரூவாவுக்கு அப்போது 17 வயது. பிள்ளைகளை இப்படி அனுப்பலாமா என்று நான்கூடக் கேட்டிருப்பேன். ஆனால் கொடுத்த பொறுப்பு வீண்போகவில்லை. 1859இல் சலேசியத் துறவற சபையைத் தொடங்கக் கூடிய 18 பேரில் பெரும்பாலோர் தொன் போஸ்கோ கையில் வளர்ந்த இளைஞர்களே. 1888இல் அவர் இறந்தபின் சபையை நடத்தியவர் ரூவா. 1906இல் தஞ்சாவூருக்குச் சலேசியர் வந்ததும் அவர் காலத்தில்தான்.

நம் பங்கிலும் இளைஞர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. பந்தல் போட, சீரியல் விளக்குக் கட்ட, நாற்காலி அடுக்க, சப்பரம் தூக்க அவர்கள் வேண்டும். பங்குப் பேரவையில் கணக்கு வாசிக்கும்போது மட்டும் வெளியே நிற்கிறார்கள். பிறகு, இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று புலம்புகிறோம். கையில் கொடுக்காத பொறுப்பு எங்கிருந்து வரும்?

எனவே இந்த ஆண்டுத் திருவிழாவில் மூன்றாம் நாள் முழுவதும் இளையோருடையது. திட்டம், வசூல், செலவு, கணக்கு எல்லாம் அவர்களே. பேரவையினர் ஆளுக்கு ஓர் இளைஞரோடு கூட இருங்கள். கேட்டால் சொல்லுங்கள், கேட்காமல் சொல்லாதீர்கள். எங்காவது பணம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆகட்டும். திருப்பலி முடிந்ததும் ரசீதுப் புத்தகத்தை இங்கேயே, எல்லார் முன்பாகவும் கொடுக்கிறேன். இளையோர் குழுவினர் முன்னே வாருங்கள்.