கல்லின் வயதும் காலமற்றதும்

மடவளைக்குத் தொலைவில்லாத திகனயில் வெட்டியெடுக்கப்படும் வெண்பளிங்குப் பாறை, இக்கண்டி மலைகள் மலைகளாவதற்கு வெகுகாலம் முன்பு ஏதோவொரு சமுத்திரத்தின் அடியில் சுண்ணப் படிவாகத் தங்கி, பின்னர் பூமியின் கர்ப்பத்துள் அமிழ்ந்து, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் படிகமாக உருமாறியது என்பர் புவிச்சரிதவியலாளர். மலையை நிலைபேற்றுக்கு உவமானமாகக் கூறிப் பழகிவிட்ட நமக்கு, மலையும் அநித்தியமாயின் நித்தியம் யாது என்ற வினா இங்கே எழாதிருக்க முடியாது. மலைகளும் தூளாகிப் பறக்கும் நாளொன்றை எங்கள் வேதமாகிய குர்ஆன் பேசுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, இவ்வினா அந்நியமானதன்று.

இவ்வினாவை வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் சுமந்தவர் ஆனந்த குமாரசுவாமி என்பது என் துணிபு. 1877இல் கொழும்பில் சேர் முத்து குமாரசுவாமியின் புதல்வராகப் பிறந்து, லண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1902இல் இலங்கையின் படிகச் சுண்ணக்கற்களைப் பற்றியே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டு, மறு ஆண்டில் இந்நாட்டுக் கனிப்பொருள் அளவைப் பணியின் முதற் பணிப்பாளராக அமர்ந்த அவர், பின்னர் தோரியனைற்று எனப் பெயர்பெற்ற புதிய கனியத்தை 1904இல் விவரித்தார். கதிரியக்கத்தால் தன்னுள்ளே ஹீலியம் வாயுவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைக்கும் கருங்கனியம் அது. அவ்வாயுவை அளந்து கல்லின் வயதைக் கணிக்க ஆங்கிலேய விஞ்ஞானி ஸ்ட்ரட் முனைந்தபோது, அவர் எடுத்துக்கொண்ட கனியங்களுள் இலங்கைத் தோரியனைற்றும் ஒன்று. காலத்தை அளப்பதற்கு இவ்வாறு ஒரு கருவி தந்தவரே, பின்னாளில் பொஸ்ரன் நூதனசாலையில் கலைப்பொருள்களின் நடுவே பணியாற்றியபடி, காலங்கடந்த மெய்ப்பொருளைத் தேடினார். அவர் விஞ்ஞானத்தைத் துறந்து தத்துவத்திற்குப் போனார் என்று கூறுவோர், கல் எழுப்பிய வினாவையே அவர் இறுதிவரை பின்தொடர்ந்தார் என்பதைக் காணத் தவறிவிட்டனர்.

பூமியின் படிவுகளில் காலத்தை வாசிக்கும் பணி பின்னரும் ஓயவில்லை. சீனத்துக் கடற்புவிச்சரிதவியலாளர் வாங் பின்சியன், 1999இல் தென்சீனக் கடலின் அடித்தளத்தைத் துளைத்து ஆராய்ந்த சர்வதேசப் பயணத்திற்குத் தலைமை தாங்கிய இருவருள் ஒருவர். எண்பது வயதைக் கடந்த பின்னரும் 2018இல் நீர்மூழ்கியில் அமர்ந்து அக்கடலின் ஆழத்திற்கு இறங்கியவர். அத்தகையோர் படிவின்மேல் படிவாக வாசித்துக் காட்டும் காலம் எத்துணை நீண்டதாயினும் காலமே. கோடிகளை எவ்வளவு அடுக்கினாலும் அது நித்தியமாகிவிடாது. இன்று காலையில் மலர்ந்த பூவும் திகனப் பளிங்கும், தோன்றியவை என்ற அளவில் ஒன்றே. ஆதலின், உலகின் வயது நீளுந்தோறும் இறைவனுக்குரிய இடம் குறுகுகிறதென்று அஞ்சுவோரும், பழமையையே தெய்விகமெனக் கொண்டு வணங்குவோரும் ஒரே பிழையைத்தான் செய்கின்றனர்: இருவரும் நித்தியத்தை ஆண்டுக்கணக்கால் அளக்கின்றனர்.

குமாரசுவாமியின் ‘காலமும் நித்தியமும்’ என்ற ஆங்கில நூல், அவர் காலமான 1947ஆம் ஆண்டிலே வெளிவந்தது. இந்து, பௌத்த, கிரேக்க, இஸ்லாமிய, கிறிஸ்தவ மரபுகள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு. அவருடைய கலைநூல்களை மட்டும் போற்றும் தமிழ் வாசகர்கள், அந்நூலையும் அவர் இளமையில் எழுதிய பாறைக் கட்டுரைகளையும் ஒருசேர வைத்துப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.