கேட்டலும் இல்லறக் கடமையே

இல்லறத்தில் மனக்கசப்பு முளைக்கும்போதெல்லாம், “பக்குவமாகப் பேசியிருக்கலாமே!” என்று பெண்ணுக்கே அறிவுரை கூறுவது நம் சமுதாயத்தின் பழைய வழக்கம். இன்று அவ்வறிவுரை, கருத்துப் பரிமாற்றத் திறன் பயிற்சி என்னும் பெயருடன் மணமான பெண்களை நாடி வருகிறது. பயிற்சி நன்றே. ஆயினும், இருவர் நடத்தும் வாழ்வுக்கு ஒருவரை மட்டும் பழக்குவது அறமாகுமா?

பயிற்சியின் பயனை எவரும் மறுப்பதற்கில்லை. அமெரிக்க உளவியல் அறிஞர் தாமஸ் கார்டன் பெற்றோர்க்கென 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், தன் உணர்வை முன்வைத்துப் பேசும் முறையைப் பரப்பியது. “நீங்கள் என்றைக்கு நேரத்தோடு வந்தீர்கள்?” என்பது குற்றச்சாட்டு. “நீங்கள் வரத் தாமதமானால் எனக்கு அச்சமாக இருக்கிறது” என்பது உள்ளத்தைத் திறந்து காட்டல். முன்னது சினத்தை மூட்டும். பின்னது பரிவை எழுப்பும். ஆனால், அதே நூல் செவிமடுக்கும் முறையையும் கற்பித்தது. பிறர் சொன்னதை உள்வாங்கி, “நீ கருதியது இதுதானா?” என்று கேட்டுத் தெளிவது அப்பயிற்சியின் மறுபாதி. மனைவி முதற்பாதியைக் கற்று, கணவர் மறுபாதியைக் கல்லாதிருந்தால், ஒரு கை தட்டி ஓசை எழுமோ?

வகுப்பறையில் நாம் அன்றாடம் காண்பதும் இதுவே. ஆசிரியர் எத்துணை அழகாக வினா தொடுத்தாலும், மாணவன் தயங்கித் தயங்கிச் சொல்லும் விடையைப் பொறுத்திருந்து கேளாவிடில் அவ்வினா வீணே.

வள்ளுவர் ‘இனியவை கூறல்’ அதிகாரத்தை இல்லறவியலில் வைத்தார். அதனைப் பெண்ணுக்கு மட்டும் உரியதென ஒதுக்கினாரில்லை. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார்க்கென 1976-இல் இயற்றப்பெற்று, 1982 மார்ச்சு முதல் நடைமுறையில் உள்ள திருமண, மணவிலக்குச் சட்டமும் இந்நெறியையே காட்டுகிறது. ஒருதலையாக மணவிலக்குக் கோருபவர், சில விலக்குகள் நீங்கலாக, முதலில் இணக்கக் குழுவை நாட வேண்டும். அக்குழு இருவரையும் அழைத்து, இருவர் கூற்றையும் கேட்க வேண்டும். மணம் முறியும் வேளையில் சட்டம் வற்புறுத்துவதை, மணம் தழைக்கும் நாளிலேயே இல்லம் மேற்கொண்டால் என்ன?

இன்னொன்றும் கூறியாக வேண்டும். அடி உதைக்கு அஞ்சி வாழும் பெண்ணுக்கு இன்சொற் பயிற்சி மருந்தாகாது. தன் பேச்சே தவறென்று அவளை நோகச் செய்வது கொடுமையிலும் கொடுமை. அவளுக்கு முதல் தேவை, 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பே.

ஆகவே, இத்தகைய வகுப்புகளை நடத்தும் மன்றங்களும் ஆலயங்களும் அழைப்பிதழில் மனைவியின் பெயரோடு கணவரின் பெயரையும் எழுதுக. அவள் பேசக் கற்கும் அதே மண்டபத்தில் அவரும் கேட்கக் கற்கட்டும்.