உரைகல்லும் உரையாணியும்

சீடன்: ஐயா, போன வாரம் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன என்று கேட்டார்கள். கடுமையாக உழைப்பேன், அது பலம். எதையும் நேர்த்தியாக முடிக்கும்வரை விடமாட்டேன், அதுவே பலவீனம் என்றேன். தலையசைத்தார்கள். வெளியே வந்த பிறகுதான், இரண்டையும் நான் தெரிந்து சொல்லவில்லை என்று உறைத்தது. அன்றிரவு ஒரு தாளை எடுத்து, என் விழுமியங்கள், என் திறமைகள், என் குறைகள் என்று மூன்று தலைப்புகள் போட்டு எழுதிப் பார்த்தேன். எழுதியதெல்லாம் நான் எப்படி இருக்க ஆசைப்படுகிறேனோ அந்த மனிதனைப் பற்றியே இருந்தது. தன்னைத் தான் அறிவது நடக்கிற காரியமா?

குரு: நடக்கிற காரியம்தான் அப்பா. நீ தேடிய இடம் சரியில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தால் ஆசைகள்தான் முதலில் வந்து நிற்கும். அவற்றுக்கே குணம் என்று பெயர் வைத்துவிடுகிறோம். ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர், ஒருவருடைய உயர்வையும் தாழ்வையும் பார்க்க அவரவர் செயலையே உரைகல்லாக வைக்கிறார். ஆட்களைத் தேர்ந்தெடுக்க அரசனுக்குச் சொன்ன வழி அது. அதை நான் என் பக்கமே திருப்பிக்கொண்டேன்.

பத்தர் பட்டறையில் பார்த்திருப்பாய். கறுப்புக் கல்லில் நகையை அழுத்தி ஒரு கோடு இழுப்பார். பக்கத்திலேயே, மாற்று இன்னதென்று தெரிந்த உரையாணியால் இன்னொரு கோடு. இரண்டின் மேலும் ஒரு சொட்டுத் திராவகம். செம்பும் வெள்ளியும் கரைந்துபோகும், பொன்னின் தடம் நிற்கும். இரண்டு தடத்தையும் ஒப்பிட்டு மாற்றுச் சொல்வார்.

இதில் இரண்டைக் கவனி. அழுத்தாமல் கோடு விழாது. திராவகம் படாத கோட்டை நம்ப முடியாது. லஞ்சம் கொடுக்க ஒருவரும் வராத நாற்காலியில் பணிக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவர், நான் நேர்மையானவன் என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அவர் இன்னும் உரைக்கப்படவில்லை. எந்தக் காரியத்தால் உனக்குக் காசு போயிற்று, தூக்கம் போயிற்று, நாலு பேரின் நட்பு போயிற்று, போன பிறகும் அதையே மறுபடி செய்தாய்? அங்கே இருக்கிறது உன் விழுமியம். தாளில் எழுதிய மற்றதெல்லாம் உனக்குப் பிடித்த சொற்கள். திறமையும் அப்படித்தான். கஷ்டமான நேரத்தில் மற்றவர்கள் எதற்காக உன்னைத் தேடி வருகிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சீடன்: எந்நேரமும் தன்னையே உரைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே ஒருவகைத் தன்னலம் ஆகிவிடாதா?

குரு: பத்தர் நாள் முழுவதும் உரைத்துக்கொண்டிருப்பதில்லை. மாற்றுத் தெரிந்ததும் நகை செய்யப் போய்விடுகிறார்.

சீடன்: ரமண மகரிஷி இந்தக் குணங்களையெல்லாம் நான் அல்ல என்று தள்ளிவிடச் சொன்னாரே? தள்ள வேண்டியதை எதற்கு எண்ண வேண்டும்?

குரு: சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு 1902 வாக்கில் விருபாட்ச குகையில் பகவான் தந்த விடைகள்தான் ‘நான் யார்?’ என்ற சிறு நூல். அது பெரிய கேள்வி. நாளைக் காலை அலுவலகத்துக்குப் போய் ஒரு கோப்பில் கையெழுத்துப் போடப் போகிறவன் எப்படிப்பட்டவன் என்பது இன்றைய கேள்வி. அந்தப் பெரிய கேள்வியை இன்னொரு நாள் பேசுவோம்.

சீடன்: அப்படியானால் என்னை உண்மையில் அரிக்கிற சந்தேகத்தைக் கேட்டுவிடுகிறேன். கல் சரி, திராவகம் சரி. உரையாணியே மட்டமாக இருந்தால்? என் செயலை நான் எதோடு ஒப்பிடுவேன்? என் வீட்டிலும் தெருவிலும் சாதியிலும் எது சரியென்று பழக்கினார்களோ அதோடுதான். அந்த ஆணியிலேயே செம்பு கூடியிருந்தால், என் தடமும் அதன் தடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். பத்தரை மாற்றுத் தங்கம் நான் என்று நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். நேர்மையாகத்தான் சோதித்திருப்பேன். முடிவு மட்டும் பொய்யாக இருக்கும்.

குரு: உட்கார். இந்த ஒரு கேள்வி என்னையும் நெடுங்காலம் தூங்கவிடவில்லை. மற்ற ஆட்சேபங்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம், இதற்கு முடியாது. நூல்களிலும் பெரியவர்களிடமும் தேடியதில், எனக்கு வழி காட்டியது அமெரிக்காவில் அச்சகம் நடத்திய ஒருவருடைய வாழ்க்கை.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706இல் பாஸ்டனில் பிறந்தவர், பிலடெல்பியாவில் தொழில் செய்தவர். இளம் வயதில், குற்றமே இல்லாத மனிதனாக வாழ்ந்து பார்ப்பது என்று ஒரு திட்டம் போட்டார். மிதம், மௌனம், ஒழுங்கு, உறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி என்று 13 குணங்கள். ஒரு சிறிய கையேட்டில் குணத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தில் கிழமைக்கு ஒன்றாக ஏழு கட்டங்கள். மாலையில் அன்றைய தவறுகளை நினைத்துப் பார்த்துக் கறுப்புப் புள்ளி வைப்பார். வாரத்துக்கு ஒரு குணத்தில் தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, ஆண்டுக்கு நான்கு சுற்று. தான் நினைத்திருந்ததைவிடக் குற்றங்கள் மிக அதிகமாக இருந்தது கண்டு வியந்ததாக எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் ஒழுங்குதான் அவரை மிகவும் படுத்தியது. பொருளை அதனதன் இடத்தில் வைப்பதும், வேலையை அதனதன் நேரத்தில் செய்வதும் கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை.

இத்தனை கறாராகத் தன்னைப் பார்த்தவருடைய பட்டியலில் முதலில் 12 குணங்கள்தான் இருந்தன. குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் வந்து, உன்னைக் கர்வி என்று பலரும் நினைக்கிறார்கள், வாதத்தில் நீ சரியாக இருப்பதோடு நிறுத்துவதில்லை, எதிராளியை அமுக்கிவிடுகிறாய் என்று சொன்னார். சொன்னதோடு விடாமல் உதாரணங்களும் எடுத்துக் காட்டினார். அதன் பிறகுதான் பணிவு பதின்மூன்றாவதாக ஏறியது. நிச்சயமாக, சந்தேகமில்லாமல் போன்ற சொற்களை விட்டு, எனக்குத் தோன்றுகிறது என்று பேசப் பழகினார். பன்னிரண்டையும் தேர்ந்தெடுத்தவரால் அந்தப் பதின்மூன்றாவதைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை, பார்த்தாயா. ஊருக்கெல்லாம் தெரிந்த குறை அவருடைய கையேட்டுக்கு மட்டும் தெரியவில்லை.

இது பாதிக் கதை. பட்டியலில் நீதி இருந்தது என்றேன். அதே வீட்டில் அடிமைகளும் இருந்தார்கள். அவர் நடத்திய பென்சில்வேனியா கெசட் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்கள் அச்சாயின. தன் கையேட்டைப் பற்றி அவ்வளவு விரிவாக எழுதுகிற இடத்தில் அந்த மனிதர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தினமும் உரைத்தார், தினமும் ஒப்பிட்டார். ஒப்பிட்ட ஆணி அந்த ஊர்ச் சந்தையில் கிடைத்த ஆணி. உன் சந்தேகம் அப்படியே அவர் வாழ்க்கையாக நிற்கிறது.

1763இல் பிலடெல்பியாவில் கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளிக்குப் போய்ப் பார்த்தார். கறுப்பின மக்களின் இயல்பான அறிவாற்றலைப் பற்றி முன்பு வைத்திருந்த எண்ணத்தைவிட உயர்ந்த எண்ணம் தனக்கு வந்ததாக ஒரு கடிதத்தில் எழுதினார். ஆணி மட்டம் என்று அன்று தெரிந்துவிட்டது. தெரிந்த அன்றே தூக்கியெறியவில்லை. 1787இல்தான் பென்சில்வேனியாவின் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். அடிமைத்தனத்துக்கு முடிவுகட்டச் சொல்லி 1790 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரசுக்கு விண்ணப்பம் அனுப்பினார். அந்த ஏப்ரலில் காலமானார். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளையும் நான் மன்னித்துப் பேசவில்லை. அந்த ஆண்டுகளின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள். ஆனாலும் ஆணி மாறியது. தனியாக உட்கார்ந்து கையேட்டில் புள்ளி வைத்ததால் அது மாறவில்லை. தன் செயலின் பாரத்தைச் சுமந்தவர்கள் இருந்த இடத்துக்குப் போய் அவர்களைப் பார்த்ததால் மாறத் தொடங்கியது.

அமெரிக்கா எதற்கு? நம் கிராமங்களில், கணக்கில் காலணா பிசகாத பெரியவர்கள் இருந்தார்கள். கொடுத்த வாக்குக்காக நிலத்தை விற்றவர்கள். அவர்களே வயலில் வேலை செய்தவருக்குக் கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றினார்கள். டீக்கடையில் சாதி பார்த்து இரட்டைக் குவளை வைத்தவரும் மாலையில் விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொண்டுதான் உட்கார்ந்தார். அவர்களுடைய தற்சோதனையில் அந்தக் குவளை வரவே இல்லை. அவர்களைத் திருத்தியது அவர்கள் மனச்சாட்சி என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் குவளையை வாங்க மறுத்தவர்களிடமிருந்துதான் நல்ல ஆணி வந்தது.

தன் அளவைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தால் அது தெரியும். ராஜராஜன் கொடுத்த பொன்னைக்கூட ஆடவல்லான் என்ற பெயருடைய கல்லால் நிறுத்தே எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவர் அரசரே ஆனாலும் அளவு பொதுவானது. தன்னைப் பிறர் அளவால் உரைத்துப் பார்க்கப் பௌத்தத் துறவிகளிடம் ஒரு முறையே உண்டு. மழைக்காலத்து மூன்று மாத ஒதுக்கம் முடியும் நாளில் பவாரணை என்ற சடங்கு. ஒவ்வொருவரும் கைகூப்பி உட்கார்ந்து, என்னிடம் குற்றம் எதையாவது கண்டிருந்தாலும் கேட்டிருந்தாலும் சந்தேகப்பட்டிருந்தாலும் இரக்கம் வைத்துச் சொல்லுங்கள் என்று மூன்று முறை கேட்க வேண்டும். மூத்தவர் முதலில் கேட்பார். புத்தரே தம் உடலாலோ சொல்லாலோ ஏதும் தவறு நடந்ததுண்டா என்று சங்கத்தைக் கேட்டதாகச் சம்யுத்த நிகாயத்தில் வருகிறது. சந்தேகப்பட்டதையும் சொல்லலாம் என்று வைத்தார்கள் பார், அதில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. ஆதாரம் கையில் இருப்பவன் மட்டும் பேசலாம் என்றால், இளையவன் வாய் திறக்கவே மாட்டான்.

சீடன்: ஐயா, நான் என் குறைகளைப் பற்றியும் கேட்க வந்தேன். தெரிந்துகொண்ட குறையையெல்லாம் நீக்கித்தான் ஆக வேண்டுமா?

குரு: இங்கேதான் பலர் தங்களைத் தாங்களே வதைத்துக்கொள்கிறார்கள். சுத்தத் தங்கம் மெத்தென்று இருக்கும். அதில் அன்றாடம் போட்டுக்கொள்ளும் வளையல் செய்தால் நெளிந்துவிடும். அதனால்தான் செம்பும் வெள்ளியும் சேர்த்து 22 காரட்டாக்குகிறார்கள். நகைக்கடையில் 916 என்கிறார்களே, அதுதான். ஆனால் ஈயம் துளி கலந்தாலும் தங்கம் நொறுங்கத் தொடங்கிவிடும், சுத்தியல் தாங்காது. இரண்டுமே கலப்புதான். ஒன்று உறுதி தருகிறது, மற்றது உடைக்கிறது.

கூட்டத்தில் பேச வராது, கணக்கு மெதுவாகத்தான் வரும், ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க முடியாது என்பவை செம்பு. அவை உன் எல்லைகள். ‘வலியறிதல்’ அதிகாரத்தில் செயலின் வலிமை, தன் வலிமை, பகைவன் வலிமை ஆகியவற்றோடு துணைவனின் வலிமையையும் சேர்த்தே வள்ளுவர் எடைபோடச் சொல்கிறார். உனக்கு வராததை வருகிறவனிடம் கொடு. தவறை மறைப்பது, தன் பிழைக்கு அடுத்தவனைக் காட்டிக்கொடுப்பது, சொல்ல வந்தவனை வாயடைப்பது, இவை ஈயம். இவற்றோடு சமாதானம் கூடாது.

சீடன்: நான் சொன்ன அந்த நேர்த்திப் பிடிவாதம்?

குரு: அது செம்பா ஈயமா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அந்தப் பிடிவாதத்தால் யாருடைய வேலை நின்றது, யார் உனக்காக இரவு வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார் என்று பார். அவரிடம் கேள்.

சீடன்: என் உதவியாளர் ஒருவர் இருக்கிறார். கேட்டால் பயத்தில், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை சார் என்பார்.

குரு: முதல் தடவை அப்படித்தான் சொல்வார். உன்னுடைய ஒரு தவறை நீயே அவர் முன்னால் சொல்லிவிட்டு, பிறகு கேள். அவர் பேசும்போது விளக்கம் கொடுக்காதே. அன்றைக்கு நன்றி மட்டும் சொல்லிவிட்டு வா. அவர் சொன்னதற்காக அடுத்த மாதம் அவருடைய விடுப்பையோ சம்பளத்தையோ உன் கை தொட்டால், அதன் பிறகு உன்னிடம் யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

சீடன்: அவர் சொல்வது தவறாக இருந்தால்?

குரு: இருக்கலாம். எழுதி வைத்துக்கொள். அவரோடு பழக்கமில்லாத இன்னொருவர், உன் வீட்டில் இருப்பவரோ பழைய நண்பரோ, நீ கேட்காமலே அதையே சொல்கிறாரா என்று கவனி. சொன்னால் அன்றிலிருந்து அதைத் தவறு என்று வாதிடும் உரிமை உனக்கு இல்லை.